ஃப்ரீவேயா, மலைப்பாதையா? பைக் ஓட்டிகளின் பயமும் ஆபத்தும்

கலிஃபோர்னியாவில் பைக் ஓட்டுகிற இரண்டு பேர் எங்காவது பெட்ரோல் பங்க்கில் சந்தித்துக்கொண்டால், பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். என்ன வண்டி, எத்தனை சிசி, எத்தனை மைல் ஓடியிருக்கு. இதெல்லாம் முடிந்ததும் ஒரு கேள்வி வரும்: "ஃப்ரீவேல ஓட்டுவீங்களா?"

இதற்கு வருகிற பதில்களைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். ஆய்வு என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். காதில் விழுந்ததை நோட்டில் குறித்து வைக்கிற பழக்கம், அவ்வளவுதான். பதில்கள் ஏறக்குறைய மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதல் கூட்டம்: "அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கறதில்ல." காற்று, லாரி, வேகம் எதுவும் இவர்களுக்கு ஆகாது. சனி, ஞாயிறு மலைப்பாதை, மற்ற நாட்களில் வண்டி கேரேஜில். இரண்டாம் கூட்டம்: "பிடிக்காதுங்க, ஆனா வேலைக்குப் போகணுமே." பல்லைக் கடித்துக்கொண்டு போய் வருகிறவர்கள். மூன்றாவது ஒரு சின்னக் கூட்டம்: "ஃப்ரீவேதாங்க நிம்மதி." இப்படிச் சொல்கிறவரை மற்றவர்கள் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு சாலையில் போகும்போது நமக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது, அந்தத் தோன்றலுக்கும் உண்மையில் நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதைத்தான் பார்க்கப் போகிறேன். போகிற வழியில், மூன்று கூட்டமும் பேச மறந்த இன்னொரு சாலையும் வரும்.

ஃப்ரீவே என்றால் என்ன?

'ஃப்ரீ' என்றால் டோல் கிடையாது, அதனால் ஃப்ரீவே, என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் தருகிற இலக்கணம் வேறு. சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு அந்தச் சாலையில் நேராக ஏறி இறங்க உரிமை இல்லை, அல்லது மிகக் கட்டுப்பட்ட உரிமைதான் உண்டு என்றால் அது ஃப்ரீவே. அதாவது எந்த வீட்டு வாசலும், எந்தக் கடையின் கேட்டும், எந்தச் சந்தும் அதில் திறக்காது. உள்ளே வர ஒரு சரிவு, வெளியே போக ஒரு சரிவு. குறுக்கே வர யாருக்கும் வழியே இல்லை. எதிரே வருகிறவர்களுக்கும் நமக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவரோ அகலமான இடைவெளியோ இருக்கும்.

இந்த இலக்கணத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விதி: 150 சிசிக்குக் குறைந்த வண்டிகளுக்கு இங்கே ஃப்ரீவேயில் இடமில்லை. நம்ம ஊர் ஸ்ப்ளெண்டரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தாலும் நுழைவுச் சரிவில் இருக்கும் போர்டே தடுத்துவிடும்.

உடம்பு முதலில் சொல்வது

ஃப்ரீவே பயத்தில் பாதி மனதிலிருந்து வருவதில்லை. அது உடம்பில் ஆரம்பிக்கிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஊருக்குள் மணிக்கு 30 மைலில் (48 கிமீ) போகிறவர் ஃப்ரீவேயில் 65 மைலுக்கு (105 கிமீ) ஏறினால், வேகம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். ஆனால் நெஞ்சில் தள்ளுகிற காற்றின் விசை ஏறக்குறைய 4.7 மடங்கு ஆகிவிடும். முன்னால் கண்ணாடித் தடுப்பு இல்லாத வண்டி என்றால் யாரோ இரண்டு கையையும் வைத்து நம்மைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வருவது போலிருக்கும். அதைத் தாங்கக் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் நம் உடம்பின் ஒவ்வொரு ஆட்டமும் கைப்பிடி வழியாக முன்சக்கரத்துக்குப் போகும். வண்டி ஆடும். வண்டி ஆடினால் இன்னும் இறுக்குவோம். புதிதாக ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற சுழல் இது.

அடுத்தது லாரி. ஓடுகிற பெரிய லாரி தன் முன்னால் இருக்கும் காற்றை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். பின்னால் காற்று கலைந்து சுழன்றுகொண்டிருக்கும். லாரியைத் தாண்டும்போது முதலில் அந்தச் சுழல் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கும், முன்பக்கம் போனதும் ஒரு தள்ளு தள்ளும். ஓக்லண்டில் 580-ஆம் எண் ஃப்ரீவேயின் ஒரு பகுதியில் கனரக லாரிகளுக்குத் தடை. அதனால் அவை எல்லாம் 880 வழியாகத்தான் போயாக வேண்டும். பைக் ஓட்டிகள் 880 என்றதும் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, சாலையின் மேல்பரப்பு. மழைத் தண்ணீர் தேங்காமலிருக்க, கான்கிரீட்டில் சாலை போகும் திசையிலேயே நீளநீளமாகக் கோடு கீறியிருப்பார்கள். டயரின் வரிகள் அந்தப் பள்ளங்களில் விழுந்து எழும்போது வண்டி பாம்பு மாதிரி லேசாக நெளியும். முதல் தடவை அனுபவிக்கிறவருக்கு "டயர்ல காத்து போயிடுச்சோ" என்று வயிற்றைக் கலக்கும். உண்மையில் அதனால் வண்டி விழுவதில்லை. கையைத் தளர்த்திவிட்டால் தானே போய்விடும்.

நான்காவது, சத்தம். ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் ஃப்ரீவே வேகத்தில் 100 டெசிபலை ஒட்டிப் போகும். அரைமணி நேரம் கழித்து இறங்கினால் வேலை செய்த மாதிரி அசதி. அது ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. காது அடைத்துக்கொண்டு உழைத்திருக்கிறது.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது: நிறுத்த முடியாது. ஊருக்குள் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் ஓரம்கட்டிக் காலை ஊன்றிவிடலாம். ஃப்ரீவேயில் அடுத்த வெளிவழி வரைக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். 65 மைல் வேகத்தில் ஒரு விநாடிக்கு 29 மீட்டர். ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு சின்னத் தெருவின் நீளம் கடந்துவிட்டிருக்கும். "என் கையில் எதுவும் இல்லை" என்கிற உணர்வு இங்கேதான் பிறக்கிறது.

வரிசைகளுக்கு நடுவே

ஃப்ரீவே பிடிக்காதவர்கள்கூட ஒரு விஷயத்தில் கலிஃபோர்னியாவைக் கொண்டாடுவார்கள். போக்குவரத்து நின்றுபோனால் இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே புகுந்து போகலாம். பல வருடம் இதைச் சட்டம் தடுக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. 2016-இல் நிறைவேறி 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 51 என்ற சட்டம்தான் அதை வெளிப்படையாக எழுதி வைத்தது.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விபத்தில் சிக்கிய ஏறக்குறைய 6,000 பைக் ஓட்டிகளின் விவரங்களை ஆராய்ந்து 2015-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அவர்களில் 997 பேர் விபத்து நேரத்தில் வரிசைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தவர்கள். சுற்றியுள்ள போக்குவரத்தின் வேகம் 50 மைலுக்கு மேல் போகாமல், பைக்கின் வேகம் அதைவிட 15 மைலுக்கு மேல் கூடாமல் இருந்தால், இது ஒப்பீட்டளவில் ஆபத்துக் குறைந்த பழக்கம் என்பது அவர்கள் கண்டது. நடுவே போகிறவரைப் பின்னாலிருந்து கார் இடிக்கும் வாய்ப்பும் குறைவு.

யோசித்தால் காரணம் புரியும். நின்றுபோன வரிசையின் கடைசியில் அடக்கமாக நிற்கிற பைக்தான் பின்னால் செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டு வருகிறவரின் பம்பருக்கு முதலில் கிடைக்கும். "ஒழுங்கா வரிசைல நிக்கறேன்" என்கிற பாதுகாப்பு உணர்வு ஒரு பக்கம், பின்னால் வருகிற இரண்டு டன் இரும்பு இன்னொரு பக்கம். சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டிப் பழகிய நம் ஆட்களுக்கு இந்த வித்தையைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 15 மைல் கணக்கை மட்டும் ஞாபகப்படுத்தினால் போதும்.

மலைப்பாதை ஏன் இனிக்கிறது?

இப்போது மறுபக்கம். சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு மேற்கே மலை முகட்டில் ஸ்கைலைன் புலவார்ட் என்கிற 35-ஆம் எண் சாலை ஓடுகிறது. 84-ஆம் எண் சாலை அதை வெட்டுகிற இடத்தில் ஆலிஸ்ஸ் ரெஸ்டாரண்ட் என்று ஒரு சாப்பாட்டுக் கடை. ஞாயிறு காலையில் அதன் வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தாலே இந்த ஊர் பைக் ஓட்டிகளின் மனசு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கிழக்கே போனால் மவுண்ட் ஹாமில்டன். 4,200 அடி உச்சியில் 1888-இல் கட்டி முடித்த லிக் வானாய்வகம். அதற்கான தளவாடங்களைக் குதிரை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்ததால் சாலையை அதிகச் சரிவில்லாமல் வளைத்து வளைத்துப் போட்டார்கள். 365 வளைவு என்று ஊர்ப்பேச்சு. நான் எண்ணியதில்லை. எண்ணிக்கொண்டே ஓட்டவும் கூடாது.

இந்தச் சாலைகளில் கிடைக்கிற சந்தோஷத்துக்கும் ஒரு இயந்திரவியல் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் பைக் திரும்புவது கைப்பிடியைத் திருப்புவதால் அல்ல. வலப்பக்கம் போக வேண்டுமானால் வலக் கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்ததும் திரும்பும். சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் தெரியாமலே செய்வதுதான். மலைப்பாதையில் இதை உணர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக நூறு தடவை செய்கிறோம். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பது, பார்வையை வளைவு முடியும் இடத்துக்கு அனுப்புவது, தள்ளுவது, சாய்வது, நிமிர்வது. ஒவ்வொரு வளைவும் ஒரு சின்னக் கணக்கு. போட்டவுடன் விடை தெரிந்துவிடும். வேறு எதையும் நினைக்க மூளைக்கு நேரம் இருக்காது. அலுவலகத்து மின்னஞ்சல் மறந்துபோவது அதனால்தான்.

வாசனையும் உண்டு. யூகலிப்டஸ் தோப்பைத் தாண்டும்போது ஒன்று, ரெட்வுட் மர நிழலுக்குள் நுழைந்ததும் ஈர மண்ணில் இன்னொன்று. வெயிலிலிருந்து நிழலுக்குள் போனால் கழுத்தில் குளிர் படும். காருக்குள் இருப்பவருக்கு இந்தச் சாலை கண்ணுக்கு மட்டும்தான். பைக்கில் போகிறவருக்கு முழு உடம்புக்கும்.

நியாயமாகச் சொன்னால் ஃப்ரீவேயிலும் அழகு உண்டு. 280-ஆம் எண் ஃப்ரீவேயில் மாலையில் வடக்கே போனால், மேற்கு மலைக்கு அந்தப் பக்கமிருந்து கடல்பனி பொங்கி, பால் வழிகிற மாதிரி இந்தப் பக்கம் இறங்கும். அதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பயம் எதை அளக்கிறது?

சரி, மலைப்பாதையில் ஆபத்து இல்லையா? நிறைய இருக்கிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் சரளைக்கல் கொட்டிக் கிடக்கலாம். ரெட்வுட் நிழலில் நனைந்த சருகு, மதியம் வரைக்கும் காயாது. மாலை மங்கினால் மான் குறுக்கே ஓடும். எதிரே வருகிற ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் மஞ்சள் கோட்டை ஒரு அடி தாண்டி வந்துகொண்டிருப்பார். விழுந்தால் ஃபோனில் சிக்னல் இருக்காது. ஆம்புலன்ஸ் வர வெகுநேரம் ஆகும்.

இவ்வளவு தெரிந்தும் அங்கே பயம் வருவதில்லை. ஃப்ரீவேயில் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. அங்கே பயம் வருகிறது.

நான் யோசித்து வந்து நின்ற இடம் இது: நம் பயம் ஆபத்தின் அளவை அளப்பதில்லை. "இதில் எவ்வளவு என் கையில் இருக்கிறது" என்பதைத்தான் அளக்கிறது. மலைப்பாதையில் வேகம் என்னுடையது, வளைவு என்னுடையது, வேண்டுமானால் நிறுத்தி ஒரு டீ குடிக்கிற உரிமையும் என்னுடையது. ஆபத்து இருந்தாலும் அது என்னுடைய ஆபத்து. ஃப்ரீவேயில் வேகத்தை மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள், நான் அதில் மிதந்து போகிறேன். விமானத்தில் உட்கார்ந்தால் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறவர், காரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவதும் இதே கணக்கில்தான்.

ஹர்ட் அறிக்கை

தோன்றுவதை விட்டுவிட்டு, நடந்ததைப் பார்ப்போம். இந்தத் துறையில் இன்றைக்கும் எல்லோரும் திரும்பிப் போகிற ஆவணம் ஒன்று உண்டு. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட், 1970-களில் தன் குழுவோடு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார். கூடவே 3,600 போலீஸ் அறிக்கைகள். 1981-இல் வெளியான முடிவுகளில் சில:

விபத்துகளில் ஏறக்குறைய முக்கால்வாசி இன்னொரு வாகனத்தோடு மோதியவை, பெரும்பாலும் கார். அப்படிப்பட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், வழி விட வேண்டியவர் மற்ற வாகனத்தை ஓட்டியவர். விபத்து நடக்க அதிக வாய்ப்புள்ள இடம் சாலைச் சந்திப்பு. அடிக்கடி வருகிற காட்சி: பைக் நேராகப் போகிறது, எதிரே வந்த கார் அதன் முன்னால் இடப்பக்கம் திரும்புகிறது. (இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். அதனால் நம்ம ஊரில் வலப்பக்கம் திரும்பி எதிர் வரிசையை வெட்டுவது எப்படியோ, இங்கே இடப்பக்கம் திரும்புவது அப்படி.) இடித்தவர்கள் பலர் சொன்னது, "நான் பார்க்கவே இல்லை" அல்லது "பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது."

விபத்துக்குச் சற்று முன் பைக்கின் வேகம் என்ன? நடு அளவு மணிக்கு 29.8 மைல், நம் கணக்கில் 48 கிலோமீட்டர். பைக் ஓட்டிக்குத் தப்பிக்கக் கிடைத்த நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. பெரும்பாலானவை கடைக்கு, நண்பர் வீட்டுக்கு என்று கிளம்பிய சின்னப் பயணங்கள்.

இன்னொரு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் ஓட்டியவரின் பிழை: பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்துவது, வேகமாக வந்து வளைவில் வெளியே ஓடிவிடுவது. மலைப்பாதையின் விபத்து பெரும்பாலும் இந்த இரண்டாவது சாதி.

அது பழைய ஆய்வு, வண்டிகளில் ஏபிஎஸ் இல்லாத காலம் என்று சொல்லலாம். சமீப வருடங்களின் அமெரிக்க அரசுப் புள்ளிவிவரத்திலும், ஒரு பைக்கும் இன்னொரு வாகனமும் மோதி உயிர்ப்பலி நடந்த விபத்துகளில் 40 சதவீதத்துக்கும் மேல், நேராகப் போன பைக்கின் முன்னால் மற்ற வாகனம் இடப்பக்கம் திரும்பியவைதான். நாற்பது வருடத்தில் இந்தக் காட்சி மாறவில்லை.

ஏன் மாறவில்லை? காரோட்டியின் கண் எதிரே வருகிற பொருளின் அளவை வைத்துத்தான் அது எப்போது வந்துசேரும் என்று கணக்குப் போடுகிறது. சின்னப் பொருள் தொலைவில் இருப்பதாகவும், மெதுவாக வருவதாகவும் தோன்றும். பைக் அவர் பார்வையில் ஒரு மெல்லிய கோடு. நேராக அவரை நோக்கி வரும்போது அந்தக் கோடு நகர்வதும் தெரியாது. கிட்டே வந்தபிறகுதான் சட்டென்று பெரிதாகும். அதற்குள் அவர் பாதி திரும்பியிருப்பார்.

மூன்றாவது சாலை

இப்போது அந்தச் சட்ட இலக்கணத்துக்குத் திரும்பலாம். ஃப்ரீவேயில் குறுக்கே வர யாருக்கும் வழியில்லை. இடப்பக்கம் திரும்புகிறவர் இல்லை. சிக்னல் இல்லை. ஹர்ட் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிற விபத்து அங்கே நடப்பதற்கான அமைப்பே கிடையாது. மலைப்பாதையிலும் மைல் கணக்கில் சந்திப்பு குறைவு.

அப்படியென்றால் அந்த விபத்துகள் எங்கே நடக்கின்றன? இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாலையில். இங்கே அதை 'சர்ஃபேஸ் ஸ்ட்ரீட்' என்பார்கள். ஊர்களுக்கு ஊடே போகிற, சிக்னல் வைத்த, இரண்டு பக்கமும் கடைகளும் வாகன நிறுத்தங்களும் திறக்கிற, நான்கு அல்லது ஆறு தடச் சாலை. நாங்கள் இருக்கிற பக்கம் அதற்கு உதாரணம் எல் கமினோ ரியால். சாலையின் இந்தப் பக்கம் டாக்கோ கடை, அந்தப் பக்கம் தோசைக் கடை, நடுவில் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கிற கார்களின் வரிசை.

இந்தச் சாலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிடிக்கும் என்றும் சொல்வதில்லை, பயம் என்றும் சொல்வதில்லை. பால் வாங்கப் போகிற சாலைக்கு என்ன உணர்ச்சி? ஆனால் அளந்து பார்த்தவர்கள் காட்டுகிற இடம் இதுதான்.

ஃப்ரீவே பாதுகாப்பான இடம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கே தவறு நடக்க வழிகள் குறைவு, நடந்தால் அடி பலம். 30 மைலில் இருக்கிற இயக்க ஆற்றலைவிட 65 மைலில் இருப்பது ஏறக்குறைய 4.7 மடங்கு. அமெரிக்காவில் ஒவ்வொரு மைலுக்கும் கணக்குப் போட்டால் பைக்கில் போகிறவர் இறக்கும் வாய்ப்பு காரில் போகிறவரைவிட 20 மடங்குக்கும் மேல். எந்தச் சாலையாக இருந்தாலும் இந்த எண் பின்சீட்டில் உட்கார்ந்துதான் வருகிறது.

"பெரிய ரோட்டுல போவாத கண்ணு"

இது ஏட்டுக்கணக்கு மட்டுமல்ல என்பதற்கு ஒரு உதாரணம். என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவன், கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். போன வருடம் உரிமம் எடுத்து ஒரு 400 சிசி வண்டி வாங்கினான். அவன் அம்மா ஃபோனில் ஒரே ஒரு சத்தியம் வாங்கியிருந்தார்: "பெரிய ரோட்டுல மட்டும் போவாத கண்ணு." அவனும் வாக்குக் காப்பாற்றினான். சாண்டா கிளாராவிலிருந்து ரெட்வுட் சிட்டி வரைக்கும், தினமும் போகவும் வரவும், எல் கமினோ ரியாலிலேயே.

"சிக்னல் எத்தனைன்னு ஒரு நாள் எண்ணிப் பாரு"ன்னேன். மறுநாள் வந்து, "நாப்பதுக்கு மேல எண்ணல, விட்டுட்டனுங்ணா" என்றான். ஒவ்வொரு சிக்னலிலும் எதிரே ஒருவர் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறார். நாற்பதுக்கு மேல், இரண்டு வேளை, வாரம் ஐந்து நாள்.

அந்த அம்மாவின் பயம் தப்பே இல்லை. அவர் மனதில் இருக்கிற பெரிய ரோடு, சேலத்திலிருந்து பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோவைக்குப் போகிற 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அங்கே நடுத்தடுப்பில் இடைவெளி இருக்கும், ஊர்ச்சாலை வந்து நேராகச் சேரும், இரண்டு கிலோமீட்டர் சுற்றுவதற்குச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் ஒருவர் வருவார், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சாலையில் கால் வைத்து நிற்பார்கள். வேகம் ஃப்ரீவேயுடையது, குறுக்கீடு எல் கமினோவுடையது. இரண்டு ஆபத்தும் ஒரே இடத்தில். அந்தச் சாலையைப் பார்த்து வளர்ந்தவருக்குப் 'பெரிய ரோடு' என்றால் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குறுக்கீடு இல்லாத விரைவுச் சாலைகள் இந்தியாவிலும் வந்துவிட்டன. ஆனால் அவற்றில் பலவற்றில் பைக்குக்கு இடமில்லை. மும்பை–புனே விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிக்கு அனுமதி கிடையாது. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் மையத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை, பைக்குகள் பக்கத்துச் சர்வீஸ் சாலையில் போக வேண்டும். கார்களோடு வேக வித்தியாசம் அதிகம் என்பது அதற்குச் சொன்ன காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் சர்வீஸ் சாலை என்பது வேறு பெயரில் அந்த மூன்றாவது சாலைதான்.

நான் எப்படி ஓட்டுகிறேன்

கேட்கிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். ஃப்ரீவேயில்: கைப்பிடியைத் தளர்த்திப் பிடி, முழங்காலால் டேங்க்கைப் பற்று, லாரிக்குப் பக்கத்தில் தங்காதே, முன்னால் இரண்டு விநாடி இடைவெளி குறைந்தபட்சம். மலைப்பாதையில்: கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகம், அதற்கு மேல் ஒரு மைலும் வேண்டாம். கூடவருகிறவர் வேகமாகப் போனால் போகட்டும், ஆலிஸ் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

எல் கமினோவில்தான் எனக்கு அதிக வேலை. பச்சை விளக்கு இருந்தாலும் சந்திப்புக்கு முன் ஆக்ஸிலேட்டரை விட்டு, விரல் பிரேக்கின் மேல். எதிரே திரும்பக் காத்திருக்கிற காரில் ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதில்லை, அதன் முன்சக்கரத்தைப் பார்க்கிறேன். முகம் நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும், சக்கரம் பொய் சொல்லாது. தடத்துக்குள்ளேயே கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறேன். நேராக வருகிற கோடு பக்கவாட்டில் அசைந்தால் கண்ணுக்குச் சிக்கும்.

தம்பியும் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, 280-இல் ஏறி அடுத்த வெளிவழியில் இறங்கிப் பழக ஆரம்பித்தான். ஆறு வாரத்தில் வேலைக்கு அந்த வழியாகவே போனான். அம்மாவிடம் மறைக்கவில்லை. "பெரிய ரோடுதாம்மா. ஆனா குறுக்க ஒருத்தரும் வர முடியாது, எதுக்கயும் வர முடியாது"ன்னு விளக்கினானாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். அப்புறம் கேட்டாராம்: "அப்படியும் ஒரு ரோடு இருக்குதா சாமி?"